ஓஸோன் வாயுவும் நம் கோடைப் பருத்தியும்

சென்ற கோடையில் நம் அங்கத்தினர் ஒருவர் பத்துப் பன்னிரண்டு பருத்தி இலைகளைச் செய்தித்தாளில் மடித்துச் சங்க அலுவலகத்திற்குக் கொண்டு வந்திருந்தார். இலைகளின் ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, மஞ்சள் படர்ந்து, பின்னர் சிவந்திருந்தது. அதற்கு முன்பே மூன்று முறை மருந்து தெளித்துப் பலன் காணாத அவர், “காற்றில் ஓஸோன் என்று ஏதோ ஒரு நச்சுவாயு சேர்ந்து பயிரைப் பொசுக்குகிறதாமே, இது அதுதானா, ஐயா?” என்று கேட்டார். இலையைத் திருப்பிப் பார்த்தோம். அடிப்புறத்தில் தத்துப்பூச்சியின் குஞ்சுகள் நண்டைப்போல் பக்கவாட்டில் ஓடின. ஆகவே, அது ஓஸோன் அன்று. அவர் வீண் செலவு செய்ததற்குக் காரணம், பூச்சிக்கு ஏற்ற மருந்தைக் கேட்டு வாங்காததே. எனினும் அவர் கேட்ட கேள்வி தள்ளத்தக்கதன்று. பயிரை வாட்டும் அத்தகைய வாயு ஒன்று உண்டு; அது நம் நாட்டு விளைச்சலைக் குறைத்தும் வருகிறது; அதனால் எளிதில் நலியும் பயிர்களில் பருத்தியும் ஒன்று. சுந்தரபாண்டியத்தில் பருத்தி விளைப்போரும் நூல் நெய்வோரும் ஒரே தெருவில் வாழ்கிறோம். ஆதலின் இச்செய்தி இரு சாராருக்கும் உரியது.

ஓஸோன் என்பது பிராணவாயுவின் வேறொரு வடிவம். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் இரண்டு அணுக்கள் இணைந்து நிற்கும். ஓஸோனில் மூன்று அணுக்கள் இணைந்திருக்கும். மூன்றாவது அணு நிலையாகத் தங்குவதில்லை. எதைத் தொட்டாலும் அதனோடு சேர்ந்துவிடத் துடிக்கும். ஓஸோனின் நன்மை, தீமை இரண்டும் இக்குணத்திலிருந்தே பிறக்கின்றன. மின்பொறி தெறிக்கும் இடத்தில் ஒருவகைக் காரமான வாடை வீசுவதை அங்கத்தினர்கள் அறிந்திருக்கலாம். அந்த வாடையை உடைய வாயுவைத் தனிப்பொருளாக இனங்கண்டு, ‘மணப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் சூட்டியவர், சுவிட்ஸர்லாந்து நாட்டுப் பாஸல் நகரப் பேராசிரியர் ஷோன்பைன். ஆண்டு 1840. கஞ்சிமாவும் பொட்டாசியம் அயோடைடும் தோய்த்த காகிதம் ஓஸோன் பட்டால் நீலமாகும் என்று கண்டவரும் அவரே. பாவுக்குக் கஞ்சி போடும் நம் நெசவாளர்களுக்கு இந்தக் காகிதம் வேடிக்கையாக இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பல ஊர்களில் ஓஸோனை அளந்த கருவி இதுவே.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஓஸோன் படலம் நம்மைக் காப்பாற்றுகிறது, அதில் ஓட்டை விழக்கூடாது என்று பள்ளிப்பிள்ளைகளும் சொல்கிறார்கள். அதுவும் உண்மையே. அந்த ஓஸோன் நமக்குப் பல மைல் உயரத்தில் இருந்துகொண்டு, சூரியனிலிருந்து வரும் தீய கதிர்களைத் தடுக்கிறது. நம் மலைத்தொடரின் வடபால் உள்ள கோடைக்கானல் வானாய்வு நிலையத்தில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து அளக்கப்பட்டு வந்தது அந்த மேல்நிலை ஓஸோனே. நாம் இங்கே பேச வந்தது தரையை ஒட்டி, பயிரின் உயரத்தில் திரியும் ஓஸோனைப் பற்றி. பொருள் ஒன்றே, இருக்கும் இடம் வேறு. அடுப்பில் இருக்கவேண்டிய நெருப்பு கூரையில் இருப்பதைப் போன்றது இது.

தரைமட்டத்து ஓஸோன் எந்தப் புகைக்கூண்டிலிருந்தும் நேராக வெளிவருவதில்லை. அதனாலேயே பலர் அதனை அறியாமல் இருக்கின்றனர். லாரி, பஸ் என்ஜின்களிலும், ஆலைக் கொதிகலன்களிலும், செங்கல் காளவாசல்களிலும் எரியும் கடுஞ்சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. சூரிய வெளிச்சம் பட்டவுடன் அவற்றுள் ஒன்று உடைந்து ஓர் அணுப் பிராணவாயுவை விடுகிறது. அந்த அணு பக்கத்திலுள்ள பிராணவாயுவோடு சேர, ஓஸோன் பிறக்கிறது. பெட்ரோல் ஆவி, வர்ணங்களின் ஆவி, அரைகுறையாக எரிந்த சருகின் புகை, சாண எரிவாயுவிலும் சேற்று வயலிலும் தோன்றும் மீத்தேன் ஆகியவை இவ்வேலை நின்றுபோகாமல் மேலும் மேலும் நடக்க உதவுகின்றன. ஆகவே ஓஸோனைச் சமைப்பது புகை மட்டுமன்று. புகையும் வெயிலும் சேர்ந்தே அதனைச் சமைக்கின்றன. மேகமூட்டமும் மழையும் உள்ள நாளில் அது குறையும். வானம் தெளிந்து, காற்று அடங்கி, வெயில் காயும் நாளில் பிற்பகல் வேளையில் அது உச்சத்தை எட்டும்.

இதில் மற்றொரு விசித்திரம் உண்டு. மோட்டார் நெருக்கமுள்ள பட்டணத்துச் சாலையின் நடுவே ஓஸோன் மிகுதியாக இருக்கும் என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் அப்படியில்லை. அங்கே புதிதாக வெளிவரும் நைட்ரஜன் ஆக்ஸைடே பக்கத்திலுள்ள ஓஸோனைத் தின்றுவிடும். அந்தக் காற்று வெயிலில் பல மைல் நகர்ந்து சென்றபின் சமையல் நிறைவேறி, கிராமத்து வயலின்மேல் ஓஸோனாக இறங்கும். புகையை விட்டவர் ஓரிடத்திலும் அதன் பயனை அனுபவிப்பவர் வேறிடத்திலும் இருக்க, நடுவே சாட்சி சொல்ல எதுவுமில்லை. எதிரே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டு மரங்களும் வெயிலில் சில ஆவிகளை விடுகின்றன. அவையும் இந்தச் சமையலில் சேரும். இதைக் கேட்டு எவரும் மரத்தின்மேல் பழி சுமத்தலாகாது. மரம் ஆதிநாள் தொட்டு அப்படித்தான் மூச்சு விடுகிறது. என்ஜின் புகை வந்து கலக்காதவரை அதனால் ஒரு கேடும் நேர்ந்ததில்லை.

நம் மாவட்டத்துக்கு உரிய ஒரு செய்தியையும் இடையே சொல்லிவிடுகிறோம். தீபாவளி இரவில் கொளுத்தும் மத்தாப்புக் கம்பிகள் வெயில் இல்லாமலே ஓஸோனை உண்டாக்குகின்றன என்று டில்லி விஞ்ஞானிகள் கண்டு 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சிவகாசிக்கு அருகில் இருக்கும் நாம் இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அஃது ஓர் இரவுச் செய்தி. இரவில் பயிரின் வாசல்கள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

வாசல் என்றது இலைத்துளைகளை. இலையின் தோலில், கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. கரியமில வாயுவை உள்ளே வாங்கவும், நீராவியை வெளியே விடவும் பயிர் பகலில் அவற்றைத் திறந்து வைக்கிறது. திறந்த வாசல் வழியே ஓஸோனும் நுழைந்துவிடுகிறது. உள்ளே ஈரமான செல்சுவரைத் தொட்டதும் அது சிதைந்து, தன்னைப்போலவே துடிப்புள்ள வேறு பொருள்களைப் பிறப்பிக்கிறது. அவை செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வை அரிக்கின்றன. பயிர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. செல்சுவரிலே வைட்டமின் ஸி முதலிய காவற்பொருள்களை வைத்திருந்து, வந்த ஓஸோனை அங்கேயே அழிக்கப் பார்க்கிறது. வரவு குறைவாயிருந்தால் காவல் வெல்லும். மிகுந்துவிட்டால் செல்கள் மடிந்து இலையில் புள்ளிகள் விழும்.

ஆனால் புள்ளி விழுவதற்கு முன்னரே நஷ்டம் தொடங்கிவிடுகிறது. பாவில் இழை ஓயாமல் அறுந்தால் நெசவாளரின் பொழுது முடிபோடுவதிலேயே கழியும். மாலையில் பார்த்தால் துணி முழக்கணக்கில் குறைந்திருக்கும். அவர் சும்மா இருந்தார் என்று எவரும் சொல்ல முடியாது. ஓஸோன் பட்ட பயிரின் நிலையும் அதுவே. தான் சமைத்த மாவுப்பொருளைக் காய்க்கும் வேருக்கும் அனுப்பாமல், அறுந்ததை ஒட்டவும் காவற்பொருளைப் புதிதாகச் செய்யவும் செலவழிக்கிறது. இலையில் உணவு சமைக்கும் வேகமும் தளர்கிறது. இலை முன்னதாகவே முதிர்ந்து பழுத்து உதிர்கிறது. ஆலைகளில் பெயர்பெற்ற நீண்ட இழைப் பருத்தியான பீமாவை வைத்துக் கலிபோர்னியாவில் டேவிட் கிராண்ட்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் செய்த சோதனைகளில், ஓஸோன் பட்ட இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை செல்வது குறைந்து, வேர் சிறுத்துப்போவதைக் கண்டனர். வேர் சிறுத்த பருத்தி அடுத்த வறட்சியை எப்படித் தாங்கும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தக் கேட்டை உலகம் முதலில் உணர்ந்ததும் கலிபோர்னியாவில்தான். 1944-ஆம் ஆண்டளவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரைச் சூழ்ந்த கீரைத் தோட்டங்களில் இலைகள் வெள்ளி பூசியதுபோலவும் வெண்கலம் பூசியதுபோலவும் ஆயின. முதலில் கந்தக வாயுவின் மேல் சந்தேகம் எழுந்தது. பிறகு அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன விஞ்ஞானி, 1950-களின் தொடக்கத்தில், மோட்டார்ப் புகையும் வெயிலும் கூடி ஓஸோன் உண்டாவதை நிரூபித்தார். ஓஸோன் பட்டால் ரப்பர் வெடிக்கும் குணத்தைக் கொண்டு, வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டில் எத்தனை நிமிஷத்தில் கீறல் விழுகிறது என்று பார்த்தே அவர் காற்றைச் சோதித்தார். 1958-இல் கலிபோர்னியத் திராட்சை இலைகளில் விழும் கரும்புள்ளிக்கும், 1959-இல் புகையிலையில் விழும் வெண்புள்ளிக்கும் ஓஸோனே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினர். அந்தப் புகையிலை நோயைப் ‘பருவநிலைப் புள்ளி’ என்று பல ஆண்டுகள் அழைத்து வந்தனர். சுருட்டின் மேலுறைக்கு உதவும் இலையில் புள்ளி விழுந்தால் விலை என்ன ஆகும் என்பதைத் திண்டுக்கல் பக்கத்துச் சொந்தபந்தம் உடையவர்கள் நன்றாக அறிவார்கள்.

நம் நாட்டில் ஒரு பயிரின்மேல் ஓஸோன் காயத்தைக் கண்டு முறையாக எழுதிய செய்தி 1986-இல் வெளிவந்தது. பயிர் உருளைக்கிழங்கு, இடம் பஞ்சாப். ஆனால் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தால் நஷ்டத்தின் முழு அளவு தெரியாது. புள்ளியே விழாமல் விளைச்சல் குறையும் என்று மேலே சொன்னோமல்லவா? அதை அளக்க ஒரு வழி கண்டார்கள். வயலிலேயே வட்டமான கண்ணாடித்தாள் கூண்டுகளை மேற்புறம் திறந்தபடி நிறுத்துவர். சில கூண்டுகளுக்குள் வெளிக்காற்றை அப்படியே ஊதுவர். வேறு சிலவற்றில், காற்றைக் கரி நிரப்பிய வடிகட்டி வழியாகச் செலுத்துவர். ஓஸோன் கரியில் தங்கிவிடும். தண்ணீர், உரம், விதை யாவும் ஒன்றே. அறுவடையில் காணும் வித்தியாசம் காற்றினால் வந்தது. 1990-களில் லாகூரில் நெல்லுக்கும் கோதுமைக்கும் இவ்வாறு செய்தபோது, வடிகட்டாத காற்றில் வளர்ந்த பயிரின் மகசூல் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அந்நகரக் காற்றில் ஓஸோனோடு வேறு வாயுக்களும் கலந்திருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கூண்டு கட்டும் செலவில்லாத மற்றொரு முறையும் உண்டு. எத்திலீன் டையூரியா என்னும் ரசாயனம் பயிரை ஓஸோனிலிருந்து காக்கும் என்று 1978-இல் கண்டனர். பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் ஒன்றுக்கு அதனை விட்டு மற்றொன்றுக்கு விடாமல் வளர்த்தால், இரண்டின் மகசூலுக்கும் உள்ள வித்தியாசமே ஓஸோன் கொண்டுபோன பங்கு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை மதூலிகா அகர்வாலும் அவருடைய மாணவர்களும் இவ்விரு முறைகளையும் கோதுமை, பாசிப்பயறு முதலியவற்றில் பல்லாண்டு கையாண்டு, கங்கைச் சமவெளியில் நஷ்டம் கண்கூடு என்று காட்டியுள்ளனர். இந்த ரசாயனம் ஆராய்ச்சிக்குரியது. விவசாயி வாங்கித் தெளிக்கும் மருந்தன்று.

2014-இல் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் முதலியோர் ஒரு கணக்கை வெளியிட்டனர். இந்த நூற்றாண்டின் முதற்பத்தாண்டில், ஆண்டுதோறும் இந்தியா ஓஸோனால் இழந்த கோதுமை ஏறக்குறைய 35 லட்சம் டன். நெல்லரிசி 21 லட்சம் டன். வறுமைக்கோட்டின்கீழ் வாழும் 9 கோடியே 40 லட்சம் மக்களுக்கு அது போதும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். பருத்தியும் சோயாவும் அந்தக் கணக்கில் இடம்பெற்றன. இழப்பில் பெரும்பகுதி மத்திய, வட இந்தியப் பகுதிகளைச் சேர்ந்தது. தெற்கே கடற்காற்று உண்டு. இரு பருவமழையும் காற்றைக் கழுவுகின்றன. ஆதலின் நம் ஊரில் பீதி கொள்வதற்கு இடமில்லை. அலட்சியத்திற்கும் இடமில்லை என்பதைப் பின்வரும் கணக்கினால் அறியலாம்.

காற்றில் ஓஸோனை நூறு கோடிப் பங்கில் இத்தனை பங்கு என்று கூறுவர். பயிர்களைப் பொறுத்தவரை 40 பங்கு வரையில் பெரிதாகக் கொள்வதில்லை. அதற்கு மேற்பட்டதைப் பகல் மணிக்கணக்கில் கூட்டிக்கொண்டே போவார்கள். நம் சங்கத்துக் கடனுக்கு வட்டி ஏறுவதுபோல் அது ஏறும். ஒரு மணி நேரம் 50 பங்கு இருந்தால் பற்று 10. பத்து மணி நேரம் இருந்தால் 100. மூன்று மாதத்தில் இந்தப் பற்று 3000-ஐத் தாண்டினால், கோதுமை போன்ற மென்மையான பயிரில் நூற்றுக்கு ஐந்து மகசூல் போய்விடும் என்பது ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்ட வரையறை. இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு வயலின்மேல் தினம் எட்டு மணி நேரம் 45 பங்கு ஓஸோன் நின்றால், நாளொன்றுக்குப் பற்று 40. தொண்ணூறு நாளில் 3600. வரையறை தாண்டிவிட்டது. நம் மத்திய அரசாங்கம் 2009-இல் விதித்த காற்றுத்தர அளவோ, எட்டு மணிச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அஃதாவது நூறு கோடியில் ஏறத்தாழ 50 பங்கு. சட்டப்படி சுத்தமான காற்றே பயிருக்குக் கடன் ஏற்றிக்கொண்டிருக்கலாம் என்பது இதனால் விளங்கும். ஒரு நாள் வந்து பொசுக்கிவிட்டுப் போகும் விஷமாக இருந்தால் நாம் ஓடிப்போய்ப் பார்ப்போம். ஐந்து ஐந்து பங்காகச் சேர்வதை எவர் பார்ப்பார்?

எந்தப் பயிருக்கு எவ்வளவு தாங்கும் சக்தி என்பதையும் வகுத்துள்ளனர். கோதுமை, பயறு வகைகள், பருத்தி, தக்காளி, வெங்காயம், தர்பூசணி, சோயா ஆகியவை எளிதில் நலிவன. நெல், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, திராட்சை ஆகியவை இடைத்தரம். பார்லி நன்றாகத் தாங்கும். பிளவக்கல் அணைத் தண்ணீரில் மழைக்காலத்தை ஒட்டி விளையும் நம் நெல் இதில் ஓரளவு தப்பிக்கும். மேகமும் மழையும் உள்ள பருவத்தில் ஓஸோன் தாழ்ந்திருக்கும். கோடைப் பருத்தியின் கதை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரங்களில் மாசிப்பட்டத்தில் ஊன்றிய பருத்தி, பங்குனி சித்திரை வெயிலில் வளர்ந்து சப்பை பிடிக்கிறது. திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கி என்னும் கிராமத்து ஆய்வு நிலையத்தில் எடுத்த அளவுகளில், ஆண்டில் ஓஸோன் மிகுந்திருப்பது மார்ச் மாதத்தை ஒட்டியும், தாழ்ந்திருப்பது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆகஸ்டை ஒட்டியும் என்று தெரிந்தது. நம் பக்கத்து வெயிலும் மழையும் அதற்கு மிகவும் மாறுபட்டவை அல்ல. எனவே எளிதில் நலியும் பயிரை நலிவு மிகுந்த மாதங்களில் வளர்க்கிறோம். மாசிப்பட்டத்தை விட்டுவிடுங்கள் என்று நாம் கூற வரவில்லை. தண்ணீரும், பூச்சிக் கணக்கும், விலையும் பார்த்து அனுபவத்தால் வந்த பட்டம் அது. காரணம் தெரியாமல் காய் சிறுத்துப்போன ஆண்டுகளில் காற்றையும் ஒரு காரணமாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நன்றாகத் தண்ணீர் பாய்ந்த பயிரின் இலைத்துளைகள் அகலத் திறந்திருக்கும். ஆகவே அது அதிக ஓஸோனைக் குடிக்கும். வாடிய பயிர் துளைகளை மூடிக்கொள்வதால் ஓரளவு தப்பும். இதைப் படித்துவிட்டு, தண்ணீரைக் குறைத்தால் ஓஸோனை வெல்லலாம் என்று எவரும் மடையை அடைத்துவிட வேண்டாம். வாட்டத்தால் போகும் மகசூல் ஓஸோனால் போவதைக் காட்டிலும் பன்மடங்கு. செலவு செய்து, உரமிட்டு, தண்ணீர் பாய்ச்சி நேர்த்தியாக வளர்த்தவரின் பயிரே இந்த வாயுவுக்கு அதிகம் இரையாகிறது என்பதை மட்டும் மனத்தில் கொள்ளலாம்.

விதையில் நம்பிக்கை உண்டு. 1966-இல் அமெரிக்காவில் வெங்காயத்தை ஆராய்ந்த எங்கிள், கேபல்மன் என்பவர்கள், ஓஸோனுக்குத் தாங்கும் வகை ஒன்றில், வாயு பட்டவுடனே இலைத்துளைகள் மூடிக்கொள்வதையும், தாங்காத வகையில் அவை திறந்தே இருப்பதையும் கண்டனர். அக்குணம் பரம்பரையாக வருவது. ஆகவே வகைக்கு வகை வித்தியாசம் உண்டு. தேர்ந்தெடுக்க இடம் உண்டு. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நம் நாட்டில் பயிராகும் நெல் ரகங்கள் பலவற்றை ஓஸோன் மிகுந்த காற்றில் வளர்த்து, சில ரகங்கள் தாங்குவதையும் சில துவள்வதையும் வெளியிட்டுள்ளனர். உதகமண்டலத்தில் காய்கறிப் பயிர்களைக் கூண்டுகளில் வளர்த்து, வேப்பெண்ணெய், பஞ்சகவ்யம், வைட்டமின் ஸி கரைசல் ஆகியவற்றைத் தெளித்துச் சோதித்ததில் காயம் ஓரளவு குறைந்ததாகவும் கண்டனர். அவை சோதனைக் கூண்டில் கண்ட பலன்கள். ‘ஓஸோனுக்கு மருந்து’ என்று சீட்டு ஒட்டிய புட்டியுடன் எவராவது ஊருக்கு வந்தால், அங்கத்தினர்கள் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு சங்கத்தில் வந்து கேட்பது நலம்.

பருத்திக்கென்று நம் பக்கத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில், அப்பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்ற எழுத்துக்களுடன் வெளிவந்த ரகங்களை நம்மில் பலர் பயிரிட்டிருக்கிறோம். தத்துப்பூச்சிக்குத் தாங்குமா, வறட்சிக்குத் தாங்குமா, இழை நீளம் என்ன என்று அங்கே கேட்கும் நாம், ஓஸோனுக்குத் தாங்குமா என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். தனியொருவர் கேட்டால் பேச்சோடு போகும். சங்கத்தின் பெயரால் எழுத்து மூலம் கேட்டால் பதில் வரும்.

நெசவாளர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தவறு. பருத்தி குறைந்தால் நூல் விலை ஏறும் என்பது அவர்கள் அறிந்ததே. அதற்கு மேல் சாயத்தோடும் ஓஸோனுக்குப் பகை உண்டு. 1955-இல் அமெரிக்காவில், துணிகளின் நீலச்சாயம் மங்கியதற்கு ஓஸோனைக் காரணமாகக் கண்டனர். மஞ்சள், அவுரி போன்ற பழைய இயற்கைச் சாயங்களும் ஓஸோனில் மங்குகின்றன என்று பின்னர்ச் செய்த சோதனைகள் காட்டின. ஆலைகளில் இதே குணத்தைப் பயன்படுத்தி, துணியை வெளுக்க ஓஸோனைக் கையாளவும் செய்கின்றனர். சாயமேற்றிய நூலை உச்சிவெயிலில் நாள்முழுதும் காயவிடாமல் நிழற்காய்ச்சலாகக் காயவிடுவது நம் முன்னோர் வழக்கம். வெயிலின் பொருட்டு ஏற்பட்ட அந்த வழக்கம் பிற்பகல் ஓஸோனுக்கும் ஓரளவு தடையாகிறது.

இனி நம் கையில் உள்ளதைப் பார்ப்போம். நெடுஞ்சாலையில் போகும் லாரியை நாம் நிறுத்த முடியாது. ஆனால் அறுவடை முடிந்ததும் பருத்திமாரை வயலிலேயே கொளுத்துகிறோம். அந்தப் புகையில் ஓஸோனைச் சமைக்கும் பொருள்கள் அத்தனையும் உண்டு. கொளுத்துவதும் வெயில் மிகுந்த நாளில், அடுத்தவர் பயிர் நிற்கும்போது. மாரைப் பிடுங்கித் துண்டாக்கி மட்கவைத்தால் மண்ணுக்கு உரமாகும். காய்ப்புழு மாரில் தங்கி அடுத்த பட்டத்துக்கு வருவதும் தடைப்படும். துண்டாக்கும் இயந்திரம் தனியொருவர் வாங்கக்கூடியதன்று. பலர் கூடி வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவதற்கே கூட்டுறவு இருக்கிறது. அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் இதனை அங்கத்தினர்கள் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். டீஸல் பம்புசெட்டு வைத்திருப்பவர்கள் மின்சாரத்துக்கோ சூரிய சக்திக்கோ மாறுவதும் அவ்வாறே ஊருக்கு நன்மை.

கடைசியாக, இலையைப் பார்க்கும் முறை. தத்துப்பூச்சியானால் ஓரம் சுருளும், அடியில் குஞ்சு ஓடும். இலைப்பேனானால் அடிப்புறம் வெள்ளிபோல் மினுங்கும். செஞ்சிலந்தியானால் நுண்ணிய வலை தெரியும். மக்னீசியச் சத்துக் குறைவிலும் நரம்புகள் பச்சையாக நிற்க இடைப்பகுதி சிவக்கும். அதில் நிறம் பரவலாகத் திட்டாக இருக்கும். ஓஸோன் காயம் செடியின் முதிர்ந்த இலைகளில் முதலில் தோன்றும். மேற்புறத்தில் மட்டும், நரம்புகளுக்கு இடையே, ஊசிமுனை போன்ற வெளிறிய அல்லது செம்பழுப்பான புள்ளிகள் தனித்தனியே விழும். அடிப்புறம் பூச்சியின்றிச் சுத்தமாக இருக்கும். ஓர் இலை மற்றோர் இலையின்மேல் படிந்து நிழல் விழுந்த இடத்தில் புள்ளி இராது. இதுவே நல்ல அடையாளம். ஒரு செடியில் மட்டும் இல்லாமல் அந்த வெளி முழுவதும், அண்டை வயலிலும், ஒரே வாரத்தில் காணப்படும். அப்படிப்பட்ட இலையைக் கண்டவர்கள் மருந்துக்கடைக்குப் போவதற்கு முன், முதிர்ந்த இலை நான்கும் இளம் இலை நான்குமாகப் பறித்து, பாலிதீன் பையில் புழுங்கவிடாமல் செய்தித்தாளில் மடித்து, ரகத்தின் பெயர், ஊன்றிய நாள், கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சிய நாள், தெளித்த மருந்து ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம். சேர்ந்தவற்றை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட ஏற்பாடு செய்வோம்.